பெரிய வால்ஐயைப் பிடிப்பதும் உயிரோடு விடுவதும்: குவின்ரி விரிகுடாவின் நவம்பர் இரவுகள்

நவம்பர் மாதத்தில், கனடாவின் ஒன்ராறியோ ஏரியோரம் உள்ள குவின்ரி விரிகுடாவில், 30 அங்குல வால்ஐ (walleye) மீன் ஒன்று தூண்டிலில் ஏறினால், அது பெண்மீன் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆண்மீன் அந்த நீளத்துக்கு வளர்வது மிக அரிது. எடை 10 இறாத்தலை ஒட்டி இருக்கும், வயது பெரும்பாலும் பத்தைத் தாண்டியிருக்கும், அடுத்த சித்திரையில் இடப்போகிற சினை இப்போதே வயிற்றில் வளரத் தொடங்கியிருக்கும். ரொறொன்ரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் கிழக்கே ஓடி, குளிரில் விறைத்துக்கொண்டு நாங்கள் தேடிப் போவது இந்த மீனைத்தான். கிடைத்தவுடன் ஒரு படம், பிறகு தண்ணீரில் விடுகிறோம், அது வாலை ஒருதரம் அடித்து இருட்டுக்குள் இறங்கிவிடுகிறது, எல்லாருக்கும் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் நீந்திப் போன மீன் எல்லாம் பிழைத்த மீன் என்று நினைத்துவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோ அடித்தரையில் செத்துக் கிடக்கிற மீன் நம் கண்ணில் படுவதில்லை, அதனால் அது நம் கணக்கிலும் வருவதில்லை.

கைக்கு வந்த பிறகு மீனை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி விட வேண்டும் என்று நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள், அது தேவையானதுதான். ஆனால் அந்த மீன் பிழைக்குமா இல்லையா என்பதில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். எந்த மாதம் போனோம், எவ்வளவு ஆழத்தில் தூண்டில் போட்டோம், எந்தத் தூண்டில் முள் கட்டினோம், மீனை அள்ளி எடுக்கிற கைவலையான அத்தாங்கில் எதைக் கொண்டுபோனோம், இதெல்லாம் வீட்டில் இருந்து புறப்படும்போதே எடுக்கிற முடிவுகள்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். கனடாவில் பாதிப் பேர் இதைப் பிக்கரல் என்பார்கள், கடைகளிலும் அந்தப் பெயரில்தான் முள் நீக்கிய துண்டாக விற்கிறது, கியூபெக்கில் டோரே என்பார்கள். சரியாகச் சொன்னால் பிக்கரல் என்பது பைக் குடும்பத்து வேறு மீன், வால்ஐயோ பேர்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிரோபாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் மாகாண மீன் இதுதான், அமெரிக்காவில் மினசோட்டா 1965இல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. இந்தப் பகுதிகளில் வால்ஐ என்றால் நம் ஊரில் விளைமீனுக்கும் பாரைக்கும் இருக்கிற மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வால்ஐ என்ற பெயரில் உள்ள ‘ஐ’ ஆங்கிலத்தில் கண், அந்தக் கண்தான் எல்லாவற்றையும் விளக்குகிறது. இரவில் டோர்ச் அடித்தால் பூனையின் கண் மின்னுவது போல இந்த மீனின் கண்ணும் மின்னும். விழித்திரையில் ஒளியைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது, உள்ளே வந்த வெளிச்சம் ஒருமுறை கடந்து, பட்டுத் திரும்பி, இன்னொருமுறை கடந்து போகிறது, அதனால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்கு இரை தெரிகிறது. இரையாகப் போகிற சின்ன மீனுக்கு அந்த நேரம் கண் சரியாகத் தெரியாது. விடியலுக்கு முன், பொழுது பட்ட பின், காற்றடித்துத் தண்ணீர் கலங்கிய நாள், முகில் மூடிய நாள், இந்த நேரங்களில் வால்ஐ கடிப்பதற்கு இதுதான் காரணம். வெயில் எறிக்கிற மதியத்தில், தெளிந்த தண்ணீரில், அது ஆழத்தில் போய் ஒதுங்கிவிடும். பச்சையும் செம்மஞ்சளும் இதன் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடுகிற நிறங்கள், கடையில் வால்ஐக்கென்று தொங்குகிற செயற்கை இரைகளில் இந்த இரண்டு நிறமும் அதிகமாக இருப்பது அதனால்தான்.

குவின்ரி விரிகுடா ஒன்ராறியோ ஏரியின் வடகிழக்குக் கரையில், ட்ரென்ரனில் தொடங்கி பெல்வில், டெசரொன்ரோ, பிக்ரன் என்று வளைந்து வளைந்து கிங்ஸ்ரனுக்கு மேற்கே பெரிய ஏரியோடு சேர்கிற நீண்ட நீர்ப்பரப்பு. மேற்குப் பக்கம் ஆழம் குறைவு, கலங்கல், சத்து அதிகம். கிழக்கே போகப் போக ஆழமும் குளிரும் கூடும். ட்ரென்ற், மொய்ரா, சல்மன், நபனி ஆகிய ஆறுகள் இதில் வந்து விழுகின்றன. பனிக்கட்டி உடைந்தவுடன், தண்ணீர் 6 முதல் 9 பாகை செல்சியஸ் வரை ஏறுகிற நாட்களில், வால்ஐ கூட்டம் கூட்டமாகக் கல்லும் பருக்கையும் உள்ள இடங்களுக்கு வந்து இரவில் முட்டை இடும். கூடு கட்டுவதோ காவல் இருப்பதோ கிடையாது, கல்லிடுக்கில் முட்டையைச் சிதறவிட்டுப் போய்விடும். முட்டை இட்ட பிறகு இளசுகள் பலவும் விரிகுடாவிலேயே தங்கிவிட, பெரிய மீன்கள் கோடை முழுக்க ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பகுதிக்குப் போய் அலவைஃப் என்கிற கொழுத்த வெள்ளி மீனைத் தின்று பருக்கின்றன. இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும், இரைமீன் கூட்டங்களின் பின்னால் திரும்ப விரிகுடாவுக்குள் வருகின்றன. ஒக்ரோபர் கடைசியில் இருந்து பனி உறையும் வரைக்கும் பெரிய வால்ஐக்கு இந்த இடம் பெயர் வாங்கியது இந்த வருகையால்தான்.

இந்த மீன் இங்கே இல்லாமல் போகவிருந்த காலமும் உண்டு. 1960களிலும் 70களிலும் ஊர்க் கழிவிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்த பொசுபரசு விரிகுடாவைப் பச்சைப் பாசியாக மாற்றியது, வால்ஐ தொகை விழுந்துவிட்டது. 1972இல் கனடாவும் அமெரிக்காவும் பெரிய ஏரிகளின் நீர்த்தரம் பற்றி உடன்படிக்கை செய்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பொசுபரசைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. அப்புறம் 70களின் பிற்பகுதியில் ஒரு கடுங்குளிர்காலத்தில் அலவைஃப் பெருந்தொகையாகச் செத்துப்போனது. அலவைஃப் வால்ஐக் குஞ்சைத் தின்னும் மீன், அது குறைந்த நேரத்தில் 1978இல் பிறந்த வால்ஐ கூட்டம் பெருகித் தப்பியது, 80கள் முழுக்க அந்த மீட்சிதான் பேச்சு. பிறகு 90களில் வரிச்சிப்பி (zebra mussel) என்கிற சின்னச் சிப்பி வந்து சேர்ந்து தண்ணீரை வடிகட்டிக் கண்ணாடியாக்கியது. வெளிச்சம் அடிவரை போய் நீர்ப்பூண்டுகள் காடாக வளர்ந்தன, மங்கல் வெளிச்சத்தை விரும்புகிற வால்ஐக்கு வசதியான இடம் சுருங்கி, தொகை மறுபடி இறங்கி, 2000களில்தான் ஒரு மட்டத்தில் நின்றது. ஒரு நல்ல ஆண்டில் பிறந்த கூட்டம் பல ஆண்டுகளைத் தாங்குகிறது, இடையில் மோசமான ஆண்டுகள் வந்தால் முன்பே வளர்ந்து நிற்கிற பெரிய தாய்மீன்கள்தான் தொடர்ச்சியைக் காக்கின்றன. இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இனிப் பிடிப்பது. படகு உள்ளவர்கள் இலையுதிர் காலத்தில் செய்வது மெல்ல ஓட்டியபடி இரையை இழுத்துப் போகிற ட்ரோலிங். மணிக்கு 2 முதல் 3 கிலோமீற்றர் வேகம், குளிர் கூடக் கூட இன்னும் மெதுவாக. மெலிந்த உடலோடு நீளமாக இருக்கிற மீன் வடிவ இரைகளைப் படகுக்குப் பின்னால் நெடுந்தூரம் விட்டு, தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, பக்கவாட்டில் இழுத்துப் போகிற சிறு மிதவைப் பலகைகளையும் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் படகு தலைக்கு மேலே போனால் பெரிய மீன் விலகிப் போய்விடும். இங்கே புதியவர்கள் செய்கிற பிழை, வால்ஐ அடித்தரையில்தான் இருக்கும் என்று நினைத்து அடியைத் துழாவுவது. நவம்பரில் 20 மீற்றர் ஆழமுள்ள இடத்தில், மேலிருந்து 6, 7 மீற்றரில் அலவைஃப் கூட்டத்தை ஒட்டி அந்தரத்தில் நிற்கிற மீன்தான் பெரும்பாலும் பெரிய மீன். வால்ஐ மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும், ஆகவே இரை அதன் தலைக்குச் சற்று மேலே போக வேண்டும், கீழே போனால் திரும்பிப் பார்க்காது.

படகு இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் இறங்குதுறைகளிலும் கல் அணைக்கட்டுகளிலும் பொழுது பட்ட பிறகு நின்று எறிந்தே 8, 10 இறாத்தல் மீன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இரைமீன் கரையோரம் வருகிறது, அதைத் தேடி வால்ஐயும் இரண்டு மூன்று மீற்றர் தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. அதிக ஆழம் இறங்காத நீள இரையை எறிந்து, நீங்கள் நினைப்பதை விடப் பாதி வேகத்தில் சுற்றி, இடையிடையே நிறுத்தி நிறுத்தி இழுங்கள். கடி பல நேரம் நிறுத்திய இடத்தில் வரும், அதுவும் இடிப்பது போல வராது, ஈரத் துணி ஒன்று முள்ளில் மாட்டியது போலக் கனக்கும். காற்று இரண்டு நாளாக நீங்கள் நிற்கிற கரையை நோக்கி அடித்திருந்தால் இன்னும் நல்லது.

ஒரு நவம்பர் இரவில் அப்படி ஒரு துறையில் மீனை அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் கேட்டார், “தம்பி, உதை விடப்போறீரோ? நாலு வீட்டுக்குக் கறி காணும்.” “ஓம் அண்ணை, இது தாய்மீன். சின்னது வந்தா உங்களுக்குத் தாறன்” என்றேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மீன் என்றால் சாப்பாடு என்று வளர்ந்த கரையில் இருந்து வந்தவர்கள் நாங்கள், பிடித்ததைத் திருப்பி விடுவது எங்களுக்குப் பழக்கம் இல்லாத விஷயம், அதை யாரும் குறையாகப் பார்க்கவும் கூடாது. சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு நடுத்தர மீனை வைத்துச் சாப்பிடுவதில் எந்தத் தவறும் இல்லை, நானும் வைக்கிறேன். 40 முதல் 50 சென்ரிமீற்றர் வரையுள்ள வால்ஐக்கு வெள்ளைச் சதை, மெல்லிய நார், பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அருமை. பெரிய மீனின் சதை அதைவிடக் கரடு.

அதைவிட முக்கியமானது பாதரசம். மற்ற மீனைத் தின்று பல ஆண்டு வாழ்கிற மீனின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், வயதும் நீளமும் கூடக் கூட அளவும் கூடும். ஒன்ராறியோ அரசு மீன் உண்பதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு நீர்நிலைக்கும், ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு நீளத்துக்கும் மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் தனிக் கணக்கு. நாலு வீட்டுக்குக் கறி ஆகப்போகிற மீன் என்றால் அந்த நாலு வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள் அல்லவா. இன்னொரு பக்கம் சினை. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 60,000 முட்டை என்பது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் நாலரைக் கிலோத் தாய்மீன் ஒரே பருவத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இடும். அதில் பெருமீனாக வளர்ந்து வருவது மிக மிகச் சில என்றாலும், அந்தச் சில வருவதற்கு அத்தனையும் வேண்டியிருக்கிறது.

சரி, விடுகிறோம் என்று முடிவு செய்துவிட்டோம். எது கொல்கிறது என்று பார்ப்போம். எனக்கு இது ஓர் ஆகஸ்ட் மாதத்தில் புரிந்தது. விரிகுடாவுக்கு வெளியே, ஏரிப் பக்கம், சிநேகிதர் ஒருவரின் படகில் இருந்து 15 மீற்றர் ஆழத்தில் அடியோடு நின்ற ஒரு நல்ல மீனைப் பிடித்தோம். மென்மையாகத்தான் எடுத்தோம், சீக்கிரம்தான் விட்டோம், கையை நனைத்துத்தான் பிடித்தோம். ஆனால் அது கீழே போகவில்லை. தலையைத் தாழ்த்தி இரண்டு முறை முயன்றது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது, வாய்க்குள்ளே இரைப்பை பிதுங்கி நின்றது. கடற்காகங்கள் வந்து சுற்றத் தொடங்கின. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். மீனின் உடலுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுதான் அது மிதப்பைச் சரிசெய்கிறது. சல்மனுக்கும் ட்ரௌட்டுக்கும் அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, மேலே வரும்போது ஏப்பம் விடுவது போலக் காற்றை வெளியேற்றிவிடும். வால்ஐக்கு அந்தக் குழாய் கிடையாது, பை மூடியே இருக்கும், இரத்தத்தின் வழியாக மெல்ல மெல்லத்தான் காற்று கூடும் குறையும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று மடங்கு. அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் மேலே இழுத்தால் பைக்குள் உள்ள காற்று அதே மடங்கில் விரியும். வயிறு உப்பும், இரைப்பை வாய்க்குள் தள்ளப்படும், கண் பிதுங்கும், செட்டைகளின் அடியில் குமிழ் தெரியும். 8, 10 மீற்றருக்குக் கீழே இருந்து எடுக்கிற வால்ஐக்கு இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது, ஆழம் கூடக் கூட மோசமாகிறது.

ஊசியால் பையைக் குத்திக் காற்றை எடுக்கலாமே என்று சிலர் செய்வார்கள். மருத்துவர் அல்லாத கையில் அது குடலையோ ஈரலையோ துளைக்கிற வேலை, நான் செய்வதில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். பாரம் கட்டிய கவ்வியில் மீனின் தாடையைப் பிடித்துத் திரும்ப ஆழத்துக்கு இறக்கி விடுகிற கருவி கிடைக்கிறது, கீழே போனதும் அழுத்தம் பையைத் திரும்பச் சுருக்கிவிடும், மீன் விடுபட்டுப் போகும். அது ஓரளவு நல்ல வழி. ஆனால் எல்லாவற்றையும் விட நேரான வழி, விட்டுவிடத்தான் போகிறோம் என்றால் ஆழத்தில் பிடிக்காமல் இருப்பது. ஆழத்தில்தான் மீன் நிற்கிறது என்றால் அன்றைக்கு உண்பதற்கு வைக்கக்கூடிய அளவு மீனைச் சட்டப்படி எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பம். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைகிறது, மீனின் உடலோ அதிக ஒட்சிசன் கேட்கிறது. மிதமான குளிர்நீரை விரும்புகிற வால்ஐ இழுபட்டுக் களைத்த பிறகு அந்தக் கடனை அடைக்க முடியாமல் போகிறது. மேற்பரப்பு 20 பாகையைத் தாண்டிவிட்டால் விடுகிற மீனில் சாகிற பங்கு கூடத் தொடங்கும். இதை ஓர் அரசே கணக்கில் எடுத்துக்கொண்ட இடம் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி. 1837ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒஜிப்வே பழங்குடி மக்களுக்கு அங்கே மீன்பிடி உரிமை தொடர்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது, அதிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய மொத்த வால்ஐயை மாநிலமும் பழங்குடியினரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாநிலத்தின் பங்கில் வீட்டுக்குக் கொண்டுபோன மீன் மட்டும் வராது, விட்ட பிறகு செத்திருக்கும் என்று கணிக்கிற மீனின் எடையும் சேரும். 2015இல் மாநிலத்தின் பங்கு 28,600 இறாத்தல்தான், அது தீர்ந்துவிட்டது என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் வால்ஐ மீன்பிடியையே மூடினார்கள். அடுத்த ஆண்டு பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று மட்டும் திறந்தார்கள், 2017 கோடையில் அதையும் சில வாரம் நிறுத்தினார்கள். ஒரு மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டாலும் வெப்பமான தண்ணீரில் மீன் சாகிறது என்பதால்தான் அப்படிச் செய்தார்கள். ஏரிக்கரைக் கடைகளும் விடுதிகளும் அதனால் பட்ட பாடு பெரியது.

இப்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குவின்ரியில் பெரிய மீன் உள்ளே வருகிற நவம்பரில் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே, மீன் நிற்பது பெரும்பாலும் 10 மீற்றரை விடக் குறைந்த ஆழத்தில், கரையில் என்றால் இரண்டு மூன்று மீற்றரில். பெரிய மீன் கிடைக்க மிகவும் வாய்ப்புள்ள பருவமும், விட்டால் பிழைக்க மிகவும் வாய்ப்புள்ள பருவமும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது. அதே தாய்மீனை ஆகஸ்டில் ஏரியின் ஆழத்தில் தேடிப் போகிறவருக்கு இரண்டுமே எதிராக இருக்கிறது. எப்போது போவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் மழைக்காலச் சட்டை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் பொறுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முள் விழுங்கிய மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயிர் இரை கட்டிச் சும்மா விட்டுவைத்தால் வால்ஐ ஆழமாக விழுங்கிவிடும். தொண்டைக்குள் போன முள்ளைக் குறட்டால் பிடுங்க முயலாதீர்கள், செவுளையும் இரத்தக் குழாயையும் கிழித்துவிடும். தங்கூசியை முள்ளுக்குக் கிட்ட நறுக்கி, முள்ளை உள்ளேயே விட்டுவிடுவது நல்லது, பிடுங்கப்பட்ட மீனை விட நறுக்கி விடப்பட்ட மீன் அதிகம் பிழைக்கிறது. நகர்கிற செயற்கை இரை பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் மாட்டும், அது ஒரு நன்மை. ஆனால் அவற்றில் இரண்டு மூன்று மும்முள்கள் தொங்கும், ஒன்று வாயில் மாட்ட மற்றது கண்ணிலோ செவுளிலோ குத்தும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற கொளுக்கியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், முடிந்தால் ஒற்றை முள்ளாக மாற்றிவிடுங்கள். தங்கூசி இறுக்கமாக இருந்தால் கொளுக்கி இல்லாத முள்ளிலும் மீன் நிற்கும். மிக மெல்லிய தங்கூசியில் பெரிய மீனைப் பதினைந்து நிமிடம் ஆட்டுவதில் வீரம் ஒன்றும் இல்லை, களைத்துச் சோர்ந்த மீன்தான் கைக்கு வரும்.

அத்தாங்கு வாங்கும்போது நூல் முடிச்சுப் போட்டதை வாங்காதீர்கள், ரப்பர் வலையாகப் பாருங்கள். மீனின் உடலை மூடியிருக்கிற வழுவழுப்பு அதன் முதல் காவல், நோய்க்கிருமியும் பூஞ்சையும் உள்ளே வராமல் தடுக்கிறது. முடிச்சு வலை அதைச் சுரண்டும், செட்டையைப் பிளக்கும், மும்முள்ளும் அதில் சிக்கி இருட்டில் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும், அந்த ஐந்து நிமிடமும் மீன் காற்றில் கிடக்கும். துறையில் நின்று பிடிக்கிறவர்களுக்கு நீளக் கைபிடியுள்ள அத்தாங்கு கட்டாயம் வேண்டும். பெரிய மீனைத் தங்கூசியாலேயே சீமெந்துச் சுவரின் மேல் இழுத்து ஏற்றுவதையும், கற்களின் மேல் அடிபட இழுத்து வருவதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் எறிக்கு முன்பே மீனை எங்கே இறக்கி எடுப்பது, யார் அத்தாங்கு பிடிப்பது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் அத்தாங்குக்குள் வந்ததும் அவசரப்பட்டுத் தூக்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே அத்தாங்கில் வைத்திருங்கள், அங்கேயே முள்ளை எடுங்கள். குறடு, அளவுப் பலகை, தொலைபேசி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நனையுங்கள், கம்பளிக் கையுறை வழுவழுப்பை உரித்துவிடும். வால்ஐக்குக் கூரிய பல் உண்டு, பாஸ் மீனைப் போலக் கீழ்த்தாடையில் பெருவிரல் வைத்துத் தூக்க முடியாது. செவுள் மூடியின் விளிம்பும் முதுகுச் செட்டை முள்ளும் கையைக் கிழிக்கும், அதற்குப் பயந்து சிலர் கண்குழியில் விரல் விட்டுத் தூக்குவார்கள், அது பழைய காலத்துக் கெட்ட பழக்கம், கண்ணை நம்பி வாழ்கிற மீனின் கண்ணையே கெடுத்துவிடும். செவுள் மூடிக்குக் கீழே, செவுளைத் தொடாமல், ஒரு கையால் தாடையோரம் பிடித்து, மறு கையை வயிற்றின் கீழ் தாங்கிக் கிடையாகத் தூக்குங்கள். செங்குத்தாகத் தொங்கவிட்டால் தண்ணீர் தாங்கி வளர்ந்த 10 இறாத்தல் உடல் முழுவதும் தாடையிலும் முதுகெலும்பிலும் தொங்கும், உள்ளுறுப்புகளும் கீழே சரியும்.

படம் எடுக்கிறவர் தயார் என்று சொன்ன பிறகுதான் மீன் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். அது வெளியே வரும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நூறு மீற்றர் ஓடிவிட்டு மூச்சைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அதுதான் மீனுக்கும். 10 நொடிக்குள் முடித்துவிடலாம், அதற்குள் நல்ல படம் வராவிட்டால் திரும்பத் தண்ணீரில் வைத்துவிட்டு இன்னொருமுறை. நவம்பரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் 6 பாகையில் இருக்க, காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால், ஈரமான செவுளின் மெல்லிய மடிப்புகளும் கண்ணின் மேற்பரப்பும் வெளியில் உறையத் தொடங்கிவிடும். அந்த இரவுகளில் நான் படத்தை அத்தாங்கில் இருக்கும்போதே மேலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

எடை பார்க்கவே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீளத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் கனத்தைக் கண்டு (30 என்றால் 30×30×30), 2700ஆல் வகுத்தால் வால்ஐயின் எடை இறாத்தலில் ஏறக்குறைய வரும். 28 அங்குலத்துக்கு 8 இறாத்தலுக்குச் சற்று மேல், 30க்குச் சரியாக 10. தாடையில் தராசுக் கொக்கியை மாட்டித் தொங்கவிடத் தேவையே இல்லை. உலகச் சாதனை என்று சொல்லப்படுகிற 25 இறாத்தல் வால்ஐ 1960இல் அமெரிக்காவின் ரெனசி மாநிலத்து ஓல்ட் ஹிக்கரி ஏரியில் பிடிபட்டது, அதன் அளவுகளையும் படத்தையும் பற்றிச் சந்தேகம் கிளம்பி, சாதனைப் பட்டியல் வைத்திருக்கிற இரண்டு அமைப்புகளில் ஒன்று 1996இல் அதை நீக்கியது, மற்றது இன்றும் வைத்திருக்கிறது. ஆகவே நீளமும் சுற்றளவும் நல்ல படமும் இருந்தால் போதும். சுவரில் மாட்ட ஆசை என்றாலும் இந்த மூன்றையும் கொடுத்தால் கண்ணாடி இழையில் அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள், தோல் உரித்துப் பதப்படுத்தியதை விட அது நீண்ட காலம் நிற்கிறது.

விடும்போது மீனை நிமிர்த்தி, வாலடியையும் வயிற்றையும் தாங்கி, தண்ணீருக்குள் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகும், அது உதவாது. லேசான நீரோட்டம் இருந்தால் அதற்கு முகம் கொடுத்து வைத்திருந்தாலே போதும். வாலை அடித்து உங்கள் கையைத் தள்ளுகிற நேரத்தில் விட்டுவிடுங்கள். உயரமான துறையில் இருந்து தூக்கி எறியாதீர்கள், அத்தாங்கிலேயே வைத்துக் கீழே இறக்கி, அத்தாங்கைச் சாய்த்தால் அதுவாக வெளியேறும். முதுகுச் செட்டையோரம் எண் போட்ட குறிப்பட்டை இருந்தால் பிடுங்காமல் எண்ணை மட்டும் படம் எடுத்து ஆய்வாளர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள், பெரிய மீன் எங்கே போய் எங்கே வருகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிய வந்திருக்கிறது. வசந்தத்தில் முட்டை இடுகிற காலத்துக்கு மீன்பிடி மூடப்பட்டிருக்கும், ஒன்ராறியோவில் அந்த நாட்களில் விடுவதற்காகவே பிடிப்பதும் குற்றம், ஆண்டுதோறும் வெளிவருகிற விதிச் சுருக்கத்தைப் புறப்படுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சனவரியில் விரிகுடா உறைந்ததும் பனியின் மேல் குடில் போட்டு இதே மீனைத் துளை வழியே பிடிக்கப் போவோம். துளையைப் 10 அங்குல அகலத்தில் போடுங்கள், 8 அங்குலத் துளையில் கொழுத்த தாய்மீனின் வயிறு விளிம்பில் உரசி இறுகும். மீனைப் பனியில் கிடத்த வேண்டாம், அளவுப் பலகையையும் துளை நீரில் நனைத்துவிட்டு வையுங்கள், காய்ந்த குளிர்ப் பலகையில் தோல் ஒட்டிக்கொள்ளும். அளந்தவுடன் தலையை முதலில் துளைக்குள் விட்டு வாலைப் பிடித்திருங்கள், ஒரு அடி அடித்தால் தண்ணீர் முகத்தில் தெறிக்கும், அப்போது விட்டுவிடலாம்.